கொடுத்தவரைச் சிறையிட்ட சட்டம்

(மானிடவியலும் மக்கள் வரலாறும் என்னும் பொருள் பற்றிக் கல்வி வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தின் இறுதியில் இளந்தோழர் ஒருவர் எழுந்து வினா ஒன்று விடுத்தார். "ஆண்டு முழுதும் உழைத்துச் சேர்த்ததை ஒரே நாள் விழாவில் கரைத்துவிட்டு, மறுநாள் கடன்காரன் வாசலில் நிற்கின்றனரே நம் மக்கள்! இந்தப் பழக்கத்தை ஒழித்தால் அன்றோ வறுமை ஒழியும்?" என்று கேட்டார். உடனே மற்றொரு தோழர் மறுத்து எழுந்தார். "அது நம் பண்பாடு. காலங்காலமாக வருவது. அதிலே கை வைக்க நாம் யார்?" என்றார். நேரம் கடந்துவிட்டது, கூட்டம் கலைந்தது. வினா மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

இருவரும் நேர்மையான தோழர்கள். எனினும் ஒருவர் ஒழிக்க வேண்டும் என்பதற்கும், மற்றவர் காக்க வேண்டும் என்பதற்கும் முன்னால், இருவருமே ஒரு வேலையைச் செய்யாது விட்டனர். அந்தப் பழக்கம் எதற்காக நடைபெறுகிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் பொருள் போகிறது, அது என்று தொடங்கி எப்படி மாறி இன்றைய வடிவம் பெற்றது என்று இருவரும் கேட்கவில்லை. செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இது நல்ல செடியா கெட்ட செடியா என்று வழக்காடினர். அது நின்ற மண்ணைப் பார்க்கவில்லை.

மண்ணையும் சேர்த்துப் பார்க்கக் கற்பிக்கும் துறை ஒன்று உண்டு. அதற்கு மானிடவியல் என்று பெயர். மக்கள் கூட்டத்தாரோடு தங்கி, அவர்தம் மொழி பயின்று, அவர்தம் உழைப்பையும் உறவையும் சடங்கையும் அருகிருந்து ஆராய்வது அத்துறையின் முறை. அந்தத் துறையும் ஒரே நாளில் தெளிவு பெற்றுவிடவில்லை. தவறி விழுந்து, எழுந்து, தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு வளர்ந்தது. அது வளர்ந்த கதையை ஒரே ஓர் எடுத்துக்காட்டின் வழியே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்காக நாம் கனடா நாட்டின் மேற்குக் கரைக்குச் செல்ல வேண்டும்.

தீவிலே பிறந்த வழக்கு

1921ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், வான்கூவர் தீவை ஒட்டிய சிறு தீவு ஒன்றில் அப்பகுதியின் தொல்குடி மக்கள் பெருவிழா எடுத்தனர். விழாவை நடத்தியவர் டான் கிரான்மர் என்பவர். பல ஊர்களிலிருந்து விருந்தினர் வந்தனர். முகமூடி அணிந்து ஆடினர். முன்னோர் கதைகளைச் சொன்னார்கள். வந்தவர்க்கெல்லாம் படகு, கம்பளி, பாத்திரம், தையல் இயந்திரம், மாவு மூட்டை என்று பொருள்கள் வழங்கப்பட்டன. அம்மக்களை நூல்கள் நெடுங்காலம் குவாக்கியூட்டில் என்று குறித்தன. அவர்கள் தம்மைக் குவாக்வாக்கவாக்கு, அதாவது குவாக்வாலா மொழி பேசுவோர், என்று கூறிக்கொள்கின்றனர். அவர்தம் விழாவுக்குப் பொட்லாட்ச் என்று பெயர். கொடுத்தல் என்பது அச்சொல்லின் பொருள்.

விழா முடிந்தது, வழக்குப் பிறந்தது! 45 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. என்ன குற்றம்? திருடினரா? இல்லை. கொலை செய்தனரா? இல்லை. சொற்பொழிவு ஆற்றினர் என்பது ஒரு குற்றம். ஆடினர் என்பது ஒரு குற்றம். கொடுப்பதற்கான பொருளை அடுக்கி வைத்தனர், அதைத் தூக்கிச் சென்று உரியவரிடம் சேர்த்தனர் என்பவையும் குற்றங்கள்!

1884இல் கனடா நாடாளுமன்றம் இந்த விழாவைத் தடை செய்து சட்டம் இயற்றியிருந்தது. 1885இல் அது நடைமுறைக்கு வந்தது. விழா எடுப்பவர்க்கு இரண்டு மாதத்திற்குக் குறையாமல், ஆறு மாதத்திற்கு மிகாமல் சிறை. வழக்கு மன்றத்தில் நிற்காத அளவுக்குச் சொற்கள் தெளிவற்றிருந்தமையால், 1895இல் அதைத் திருத்தி வலுவாக்கினர். 1918இல் மற்றொரு திருத்தம் வந்தது. அதன்படி, தொல்குடியினரை மேற்பார்வை செய்யும் அரசு முகவரே இவ்வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பும் கூறலாம். 1921ஆம் ஆண்டு விழா பற்றிய வழக்கிலும் அவ்வாறே நடந்தது. விழாவை ஒழிக்க முனைந்து நின்ற முகவர் வில்லியம் ஹாலிடே நீதிபதியின் இருக்கையிலும் அமர்ந்தார்.

தீர்ப்பில் ஒரு பேரமும் இருந்தது. முகமூடிகள், செப்புத் தகடுகள், ஆட்டக் கருவிகள் அனைத்தையும் ஊரார் ஒப்படைத்துவிட்டால் தண்டனை நிறுத்தி வைக்கப்படும். சிலர் ஒப்படைத்தனர். மறுத்த ஊரினர் சிறை சென்றனர். ஆணும் பெண்ணுமாகச் சுமார் 20 பேர் வான்கூவர் நகருக்கு அருகிலிருந்த ஓக்கலா சிறையில் அடைக்கப்பட்டனர். பறிக்கப்பட்ட பொருள்கள் ஒட்டாவா, டொராண்டோ நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சில பொருள்களை நியூயார்க்கைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹே விலைக்கு வாங்கிச் சென்றார்.

தோழர்களே! பிடுங்கியவரைத் தண்டிக்கும் சட்டம் நாம் அறிவோம். கொடுத்தவரைத் தண்டிக்கும் சட்டம் ஒன்றை ஓர் அரசு ஏன் இயற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு, அந்தக் கொடை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கொடையா, பதிவேடா?

தடை கோரிய சமய ஊழியரும் அரசு முகவரும் கண்டது என்ன? "குளிர்காலம் முழுவதும் விழாவில் வீணாகிறது. சேர்த்த பொருளை வாரி இறைத்துவிட்டு ஏழையாக நிற்கின்றனர். ஊதாரித்தனம் இவர்களை உயரவொட்டாமல் தடுக்கிறது" என்பதே அவர்தம் கூற்றின் சாரம். நம் இளந்தோழரின் சொற்களும் ஏறத்தாழ இவையே அன்றோ?

மானிடவியல் கண்டது வேறு. அச்சமூகத்தில் எழுத்துப் பத்திரம் இல்லை, பதிவு அலுவலகம் இல்லை, நீதிமன்றம் இல்லை. தந்தை இறந்தபின் அவர் பெயரும் இருக்கையும் யாருக்கு? எந்த ஆற்றில் எந்தக் குடி மீன் பிடிக்கலாம்? இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த மணம் செல்லுமா? இத்தனைக்கும் சான்று வேண்டும். விழா எடுப்பவர் தம் முன்னோர் கதையைக் கூறி, தமக்கே உரிய ஆட்டத்தை ஆடிக் காட்டி, "இந்த உரிமை எனது" என்று அவையில் அறிவிப்பார். விருந்தினர் அதைக் கேட்டு, கொடையை ஏற்பர். ஏற்பதென்றால் என்ன பொருள்? "கண்டோம், ஒப்பினோம்" என்று பொருள். பின்னாளில் வழக்கு எழுந்தால் அவர்களே சாட்சி. கொடை என்பது அந்தச் சாட்சிக்குரிய ஊதியம்.

பெற்றவர் வாளா இருக்கலாகாது. தம் முறை வரும்போது திருப்பி அளித்தல் வேண்டும். அளிக்கத் தவறினால் மானம் போயிற்று. மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருமணத்துக்குப் புறப்படும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனினும் ஒன்று நினைவிருக்கட்டும். பொட்லாட்சில் யாருக்கு முதலில் கொடுப்பது, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் இருக்கை வரிசைப்படி நடக்கும். ஆதலின் அந்த விழாவே அச்சமூகத்தின் படிநிலையை எல்லோர் கண் முன்னும் வரைந்து காட்டியது.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிரான்ஸ் போவாஸ் என்னும் அறிஞர் 1886 முதல் அக்கரைக்குப் பன்முறை சென்றார். ரூபர்ட் கோட்டையில் வளர்ந்து அம்மொழியை நன்கறிந்த ஜார்ஜ் ஹன்ட் என்பவர் அவருக்குத் துணை நின்றார். அம்மக்களைப் பற்றிப் போவாஸ் பெயரால் வெளிவந்த நூல்களின் பெரும்பகுதி ஹன்ட் எழுதி அனுப்பிய செய்திகளால் ஆனது. ஊதாரித்தனம் என்று நீங்கள் பழிப்பது உண்மையில் கடனும் முதலீடும் சேர்ந்த ஏற்பாடு, தந்தை தம் மக்களுக்குத் தேடி வைக்கும் காப்பு என்று போவாஸ் 1890களிலேயே எழுதினார். வட்டி பற்றி அவர் கூறிய கணக்குப் பிழை எனப் பின்வந்தோர் சிலர் மறுத்தனர். ஆயினும் வெளியார் கண்ணுக்கு வெறும் கூத்தாகத் தோன்றியது உள்ளே ஓர் ஒழுங்கான நிறுவனம் என்னும் உண்மை நிலைத்தது.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றார். கொடை பற்றி அவர் 1925இல் வெளியிட்ட கட்டுரை பெரும்புகழ் பெற்றது. கொடுத்தல், ஏற்றல், திருப்பி அளித்தல் என்ற மூன்றும் கடமைகள் என்று அவர் காட்டினார். அத்தகைய விழாவில் பொருளாதாரம் எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது, சமயம் எது, அரசியல் எது என்று கோடு கிழிக்க இயலாது. எல்லாம் ஒரே நிகழ்ச்சியில் பிணைந்து கிடக்கின்றன என்றார். பொருளாதாரம் என்றால் சந்தையும் விலையும் மட்டுமே என்று எண்ணியிருந்தோரை இக்கட்டுரை திடுக்கிடச் செய்தது.

1884: இரு நிகழ்ச்சிகள்

இங்கே ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பொட்லாட்சைத் தடை செய்த அதே 1884இல்தான் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய எங்கெல்ஸின் நூலும் வெளிவந்தது. அந்நூலுக்கு அடிப்படை அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1877இல் வெளியிட்ட பண்டைச் சமுதாயம் பற்றிய நூல். மார்க்ஸ் அதைப் படித்து 1880, 1881 ஆண்டுகளில் விரிவான குறிப்புகள் எழுதி வைத்திருந்தார்.

மார்கன் மனித வரலாற்றைக் காட்டுநிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என மூன்று படிகளாக்கினார். அந்த ஏணியைக் கண்டு சிலர் பெற்ற பாடம் பெரிது. தனிச்சொத்தும் அரசும் ஆதியிலிருந்தே இருந்தவை அல்ல. ஒரு காலத்தில் தோன்றியவை. தோன்றியது மாறும் என்பது அப்பாடம். அந்நாளின் ஆட்சியாளரிடமும் ஓர் ஏணி இருந்தது. "இவர்கள் கீழ்ப்படியில் நிற்கின்றனர், தூக்கி விடுவது எம் கடமை" என்பது அவர்கள் அதிலிருந்து கற்றது. தூக்கி விடக் காவல்துறையை அனுப்பினர்!

அவர்களுக்கு இந்த விழா ஏன் கண்ணை உறுத்தியது? அறியாமை மட்டும் காரணமன்று. சேர்த்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் மனிதன் அவர்களுக்குத் தேவைப்பட்டான். குளிர்காலத்திலும் வேலைக்கு வரும் கூலியாள் தேவைப்பட்டான். தன் குடித்தலைவர் சொல்லைக் கேளாது முகவர் சொல்லைக் கேட்கும் குடிமகன் தேவைப்பட்டான். விழாவோ இம்மூன்றுக்கும் குறுக்கே நின்றது. எனவே பண்பாட்டின் மேல் விழுந்த அடி, பொருளாதாரத்தின் மேலும் ஆட்சியுரிமையின் மேலும் விழுந்த அடியே ஆகும்.

மனக்கோளாறு என்றனர்

இனி, துறையின் தடுமாற்றத்தையும் சொல்ல வேண்டும். போவாஸின் மாணவியார் ரூத் பெனடிக்ட் 1934இல் வெளியிட்ட பண்பாட்டு வடிவங்கள் பற்றிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒரு தனி மனப்போக்கு உண்டு என்பது அவர் கருத்து. பொட்லாட்சில் தலைவர்கள் ஒருவரை ஒருவர் விஞ்சக் கொடுத்ததையும், சில வேளைகளில் எண்ணெயை எரித்ததையும், விலைமதிப்புள்ள செப்புத் தகடுகளை உடைத்ததையும் அவர் எடுத்துக் காட்டினார். குவாக்கியூட்டில் மக்களின் போக்கே தற்பெருமை வெறி கொண்டது என்று தீர்மானித்தார்.

பெனடிக்ட் இனவெறியை எதிர்த்து எழுதியவர். எந்த மக்களையும் இழிவு செய்ய விரும்பியவரல்லர். ஆனால் நல்லெண்ணம் வரலாற்றறிவுக்கு ஈடாகாது. ஒரு மக்கள் கூட்டத்தின் ஒரு காலத்துச் செயலை எடுத்து, அதுவே அவர்தம் என்றும் மாறா இயல்பு என்று கூறிவிட்டால், காலம் என்பதே அங்கே மறைந்துவிடுகிறது. போவாஸிடமும் இக்குறை இருந்தது. பழைய கதையையும் சடங்கையும் பொறுப்புடன் திரட்டிய அவர், அதே மக்கள் மீன் ஆலைகளில் கூலி வேலை செய்துகொண்டிருந்ததற்குத் தம் நூல்களில் உரிய இடம் தரவில்லை.

கம்பளி சொன்ன கதை

இந்தப் பிழையைத் திருத்தியவர் ஹெலன் கோடெர் என்னும் ஆய்வாளர். 1950இல் வெளிவந்த அவர் நூல் 1792 முதல் 1930 வரையிலான குவாக்கியூட்டில் வரலாற்றைப் பேசியது. அவர் கேட்டது எளிய கேள்வி: இந்தப் போட்டிக் கொடை எப்போதும் இவ்வளவு பெரிதாக இருந்ததா?

இல்லை என்று சான்றுகள் கூறின. பழைய நாளில் விலங்குத் தோல், செடார் மரப்பட்டையால் நெய்த போர்வை, மீன் எண்ணெய், படகு ஆகியவையே கொடைப் பொருள்கள். அவற்றைக் கையால் ஆக்க வேண்டும். ஆதலின் அளவுக்கு ஓர் எல்லை இருந்தது. 1849இல் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி ரூபர்ட் கோட்டையை நிறுவியது. கம்பெனியின் கம்பளிகள் வந்து குவிந்தன. ஆலையில் நெய்த கம்பளி, எண்ணுவதற்கு எளிது, ஒன்றைப் போல் மற்றொன்று. அதுவே நாணயம் போல் ஆயிற்று. சில நூறு என்றிருந்த கொடை, பின்னர் பல்லாயிரம் கம்பளி மதிப்புக்கு ஏறியது.

அதே காலத்தில் மற்றொரு கொடுமை. 1862இல் விக்டோரியா நகரில் பரவிய பெரியம்மை கரையோரம் முழுவதும் உயிர்களை வாரிச் சென்றது. அதற்கு முன்னும் பின்னும் வந்த நோய்களும் சேர்ந்து, சில தலைமுறைக்குள் மக்கள்தொகையைச் சிறு பங்காகச் சுருக்கிவிட்டன. இங்கேதான் முடிச்சு இருக்கிறது, கவனியுங்கள். மக்கள் இறந்தனர், ஆனால் சிறப்புப் பெயர்களும் இருக்கைகளும் இறக்கவில்லை. அவற்றின் எண்ணிக்கை மாறாது நின்றது. வாரிசு இன்றிக் காலியான இருக்கைகள் பல. முன்பு அவற்றைக் கனவிலும் கருத முடியாதவரும் இப்போது உரிமை கோரலாயினர். கோருவதற்குப் பொருள் வேண்டும். அப்பொருள் எங்கிருந்து வந்தது? உரோம வாணிகத்திலிருந்து வந்தது. விக்டோரியா நகரத்துக் கூலி வேலையிலிருந்து வந்தது. 1870கள் முதல் கரையோரம் எழுந்த, சால்மன் மீனை டப்பிகளில் அடைக்கும் ஆலைகளிலிருந்து வந்தது. ஆண்கள் மீன் பிடித்தனர். பெண்கள் மீனை அரிந்து டப்பியில் அடைத்தனர்.

படை எடுத்துப் பெருமை தேடும் வழியும் அடைபட்டது. 1865இல் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று ரூபர்ட் கோட்டைக் குடியிருப்பைப் பீரங்கி கொண்டு தாக்கியது. அதன்பின், ஆயுதத்தால் நடந்த போட்டி பொருளால் நடக்கலாயிற்று என்பது கோடெரின் முடிவு.

ஆகவே, தோழர்களே, "இது இவர்களின் தொன்றுதொட்ட வெறி" என்று சொல்லப்பட்டது எது? கம்பெனியின் கம்பளியும், கப்பலில் வந்த அம்மை நோயும், ஆலைக் கூலியும், பீரங்கியும் சேர்ந்து ஒரு பழைய விழாவை ஊதிப் பெருக்கிய வடிவம் அது! அதைப் பெருக்கிய உலகம், பின்னர் அதையே காட்டுமிராண்டித்தனம் என்று கூறிச் சிறையிட்டது.

வரலாறற்ற மக்கள் உண்டோ?

1982இல் எரிக் வுல்ஃப் என்னும் மானிடவியலார் ஐரோப்பாவையும் வரலாறற்ற மக்களையும் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். வரலாறற்ற மக்கள் என்பது அவர் ஏளனமாக வைத்த தலைப்பு. அப்படி ஒரு மக்கள் எங்கும் இல்லை என்பதே நூலின் வாதம். 1400 முதல் உலகின் மூலைமுடுக்குகளெல்லாம் எவ்வாறு பிணைக்கப்பட்டன என்று அவர் காட்டினார். வட அமெரிக்காவின் உரோம வாணிகம் அதில் ஒரு முழு அதிகாரம்.

பொட்லாட்ச் நடந்த கரையையே பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரையின் கடல் நீர்நாய்த் தோல்கள் கப்பலேறிச் சீனத்தின் கான்டன் துறைமுகத்துக்குப் போயின. அங்கே விற்ற பணத்தில் தேயிலையும் பட்டும் வாங்கப்பட்டன. தீவிலே தலைவர் ஒருவர் விருந்தினர் தோளில் போர்த்திய கம்பளி இங்கிலாந்தின் விட்னி நகரத்துத் தறியில் நெய்தது. ஆலையில் தொல்குடிப் பெண் அடைத்த மீன் டப்பி இங்கிலாந்துத் தொழிலாளியின் உணவு மேசைக்குச் சென்றது. ஒதுங்கிய தீவு என்று நாம் கருதியது உலகச் சந்தையின் ஓர் அங்காடி!

பண்பாடு என்பது சுவர் எழுப்பிய கோட்டை அன்று. பிறரோடு கொண்ட தொடர்பில், கொடுக்கல் வாங்கலில், ஆதிக்கத்திலும் எதிர்ப்பிலும் அது உருவாகிறது, மாறுகிறது. இதைக் கற்றுக்கொள்ள மானிடவியலுக்கு நூறாண்டு பிடித்தது.

போற்றிப் பாடவும் வேண்டா

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் பழைய முறையே பொற்காலம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டா. அச்சமூகத்தில் உயர்குடியினர் இருந்தனர், பொதுமக்கள் இருந்தனர், போரில் பிடிபட்ட அடிமைகளும் இருந்தனர். தலைவர் வாரி வழங்கிய பொருளில் அவருடைய குடியினரின் உழைப்பும் அடங்கியிருந்தது. புகழ் இருக்கையில் அமர்ந்தவர்க்கு, உழைப்பு பலருக்கு. இதை மறைத்துப் பேசுவது ஆராய்ச்சி ஆகாது.

ஆனால் தடைச் சட்டம் இந்த ஏற்றத்தாழ்வை ஒழிக்கவா வந்தது? அதற்கு மேல் பெரியதோர் ஏற்றத்தாழ்வைச் சுமத்த வந்தது. நிலத்தைப் பறித்தவர், மீன்பிடி உரிமையைப் பறித்தவர், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளியில் அடைத்தவர், "உங்கள் வறுமைக்குக் காரணம் உங்கள் விழா" என்று உபதேசம் செய்தனர். வறியவரின் செலவைக் கணக்கெடுப்பவர் அவரிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டதைக் கணக்கெடுப்பதில்லை. இந்த வஞ்சகம் கனடாவுக்கு மட்டும் உரியதன்று.

மீண்டு வந்த முகமூடிகள்

அம்மக்கள் கைகட்டி நிற்கவில்லை. மனு எழுதினர், வழக்கறிஞரை அமர்த்தினர். முகவர் எளிதில் வர இயலாத தீவுகளிலும், புயல் வீசும் நாள்களிலும் விழா எடுத்தனர். ஆட்டத்தை ஒரு நாளிலும் கொடையை வேறொரு நாளிலும் வைத்தனர். கிறிஸ்துமஸ் பரிசு என்று சொல்லிப் பொருள் வழங்கினர்; அது தடையில் இல்லையே!

1951இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது தடைப்பிரிவு சத்தமின்றி விடுபட்டது. தவறு செய்தோம் என்ற சொல் அதில் இல்லை. பிரிவு இல்லை, அவ்வளவே. 1953இல் முங்கோ மார்ட்டின் என்னும் சிற்பி விக்டோரியா நகரில் தாம் எழுப்பிய பெருமனையில் வெளிப்படையாக விழா எடுத்தார். பின்னர், பறிபோன பொருள்களைத் திருப்பித் தருமாறு இயக்கம் நடந்தது. அவற்றை வைக்க உங்களிடம் அருங்காட்சியகம் இல்லையே என்றனர் அதிகாரிகள். கட்டினர் அம்மக்கள்! 1979இல் கேப் மட்ஜ் என்னும் ஊரிலும், 1980இல் அலர்ட் பே என்னும் ஊரிலும் நிலையங்கள் திறக்கப்பட்டன. முகமூடிகள் வீடு திரும்பின. அலர்ட் பே நிலையத்திற்கு உமிஸ்தா என்று பெயர். பகைவரிடம் சிறைப்பட்டவர் மீண்டு வருவதை முன்னாளில் அச்சொல் குறித்தது. அங்கே அந்த முகமூடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டவில்லை. ஒருமுறை பூட்டப்பட்டது போதும் என்று கருதினர்.

தஞ்சை கண்ட ஆய்வாளர்

அந்தப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழ்ந்து 1990இல் மறைந்த ஒரு பெண்மணியை நாம் மறத்தல் ஆகாது. அவர் காத்லீன் காஃப். இங்கிலாந்தில் பிறந்தவர், 1951 முதல் 1953 வரை நம் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் தங்கி ஆராய்ந்தவர், 1976இல் மீண்டும் வந்து பார்த்தவர். மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் மடியில் வளர்ந்த துறை; ஆதலின் அது ஏகாதிபத்தியத்தையே ஆராயக் கடமைப்பட்டது என்று 1968இல் தம் துறையினர் முகத்துக்கு நேரே கூறினார்.

தஞ்சையைப் பற்றி அவர் 1981இல் வெளியிட்ட நூலைப் பாருங்கள். சாதி வரிசையைச் சடங்குக் கணக்காக மட்டும் அவர் எழுதவில்லை. நிலம் யாரிடம், வாரம் யாருக்கு, பண்ணையாள் எவ்வாறு கட்டுண்டான் என்று எழுதினார். தஞ்சையின் நெல்லும் தஞ்சையின் கூலியாளும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியதை எழுதினார். மாறாத கிராமம் என்று பிறர் பாடிய ஊரில் உலகச் சந்தையின் அடிச்சுவட்டைக் காட்டினார். கனடாக் கரையில் கம்பளி சொன்ன கதையை இங்கே நெல் சொல்கிறது.

கேட்க வேண்டிய மூன்று

இனி அந்த இளந்தோழரின் வினாவுக்குத் திரும்புவோம். ஒரு பழக்கத்தை எதிர்க்கவோ ஏற்கவோ புறப்படுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: இந்தப் பழக்கம் இதைச் செய்வோர்க்கு என்ன வேலையைச் செய்து தருகிறது? உறவா, கடனா, காப்பா, மரியாதையா? அந்த வேலையைச் செய்ய வேறு வழி காட்டாமல் பழக்கத்தை மட்டும் பறித்தால், நாம் கொடுப்பது விடுதலை அன்று, வெறுமை.

இரண்டாவது: இதில் உழைப்பவர் யார், புகழ் பெறுபவர் யார், வட்டி வாங்குபவர் யார்? ஒரே பந்தலில் அமர்ந்திருப்பதால் எல்லோரும் ஒரே நிலையினர் ஆகிவிடுவதில்லை.

மூன்றாவது: இது எப்போது இந்த வடிவம் பெற்றது? பாட்டனார் காலத்தில் எப்படி இருந்தது? எந்தப் பணம், எந்தச் சந்தை, எந்தச் சட்டம் இதை மாற்றியது? காலங்காலமாக என்ற சொல்லைக் கேட்டால், எந்தக் காலம் என்று கேளுங்கள்.

இக்கேள்விகளை மேடையில் நின்று கேட்டால் விடை கிடைக்காது. திண்ணையில் அமர்ந்து, வயலோரம் நின்று, அடுப்பங்கரைப் பெண்களின் சொல்லுக்கும் செவி கொடுத்துக் கேட்டல் வேண்டும். ஹாலிடேயும் அம்மக்களிடையே பல்லாண்டு இருந்தவர்தாம். ஆனால் திருத்த வந்தவராக இருந்தார், கேட்க வந்தவராக இல்லை. மக்களுக்காகப் பேசும் நாம் அவர் இருக்கையில், அறியாமல்கூட, அமர்ந்துவிடக் கூடாது.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, உங்கள் ஊர் விழா ஒன்றைப் பற்றி இம்மூன்று கேள்விகளுக்கும் விடை திரட்டி, ஒரு தாளில் எழுதி வாருங்கள். வினா எழுப்பிய இரு தோழர்களும் முதலில் படிக்கட்டும். நாம் அனைவரும் கேட்போம்.